கன்டெய்னருக்குள் வண்டு: முதலில் யாருக்குச் சொல்வது?

கேள்வி: கீழக்கரையில் டைல்ஸ் கடை வைத்திருக்கிறேன். தூத்துக்குடி துறைமுகம் வழியாக வந்த கன்டெய்னரை குடோனில் திறந்தால், சரக்கு அடுக்கி வந்த மரத் தட்டுக்கு (பேலட்) அடியில் மாவு மாதிரி தூள். ஒரு வண்டும் ஓடியது. கிளியரிங் ஏஜென்ட் வேளாண்மைத் துறையைக் கேட்கச் சொல்கிறார். அவர்களோ கஸ்டம்ஸைக் கை காட்டுகிறார்கள். யாரிடம் போவது?

பதில்: யாரிடமும் போகும் முன் கன்டெய்னர் கதவைச் சாத்துங்கள். இறக்கிவிட்ட பேலட்டை தார்ப்பாயால் இறுக்கி மூடிவிடுங்கள். தூளைக் கூட்டி வெளியே கொட்ட வேண்டாம், அதில் முட்டை இருக்கலாம். வண்டு அகப்பட்டால் சானிடைசர் ஊற்றிய சின்ன பாட்டிலில் போடுங்கள். எந்த இனம் என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அப்புறம் பேலட்டின் பக்கவாட்டைப் பாருங்கள். கோதுமைக் கதிர் படம், நாட்டின் இரண்டெழுத்துக் குறி, ஓர் எண், 'எச்.டி.' (HT) அல்லது 'எம்.பி.' (MB) என்று முத்திரை இருக்க வேண்டும். எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றியது, எம்.பி. என்றால் மீதைல் புரோமைடு புகையிட்டது. ஆனால் முத்திரை இருக்கிறதே என்று நிம்மதியாகிவிடாதீர்கள். அன்றைக்கு உள்ளே இருந்த பூச்சிதான் செத்திருக்கும். பிறகு ஏறியதற்கு அது பொறுப்பில்லை.

இனி உங்கள் கேள்வி. கை காட்டிய இருவர் சொன்னதும் பாதி சரி. முத்திரையில்லாத மரத்தை விடுவிக்காமல் நிறுத்துவது கஸ்டம்ஸ் வேலை. புகையிடுவதா, அழிப்பதா என்று சொல்ல வேண்டியது மத்திய வேளாண் அமைச்சகத்தின் கீழ் வரும் பிளான்ட் குவாரன்டைன் (தாவரத் தொற்றுத் தடுப்பு) நிலையம், தூத்துக்குடியிலேயே இருக்கிறது. பூச்சி குடோனைத் தாண்டிவிட்டதா என்று அக்கம்பக்கத்து மரங்களைப் பார்க்கத்தான் மாநில வேளாண்மைத் துறை. ஆளுக்கொரு கடிதம் எழுதினால் ஒவ்வொருவரும் மற்றவர் பார்ப்பார் என்றிருந்துவிடுவார்கள். ஒரே மின்னஞ்சல், முகவரியில் பிளான்ட் குவாரன்டைன், நகல் கஸ்டம்ஸுக்கும் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநருக்கும் ஏஜென்டுக்கும். கன்டெய்னர் எண், பில் ஆஃப் என்ட்ரி (கஸ்டம்ஸில் கொடுத்த இறக்குமதிப் படிவம்) எண், முத்திரை போட்டோ மூன்றும் அதில் இருக்கட்டும். 'தக்க நடவடிக்கை எடுக்கவும்' என்று முடிக்காதீர்கள்; ஆய்வுக்கு யார், எந்தத் தேதியில் வருவார் என்று கேளுங்கள்.

பூச்சியைக் கொல்ல நீங்களே அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வாங்கிப் போட நினைத்தால் வேண்டவே வேண்டாம். அதன் வாயு ஆளைக் கொல்லும்.

இப்படி வெளியிலிருந்து வந்த உயிரினம் கடலில் தென்பட்டால் அதற்கு வேறு வழி. வள்ளத்தின் அடியில் பழக்கமில்லாத சிப்பி ஒட்டியிருந்தால் மீன்வளத் துறைக்கும், மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்கும் சொல்ல வேண்டும். தீவுப் பக்கம் என்றால் வனத்துறைக்கும். வளர்ப்புக்கென்று கொண்டுவந்த கப்பாபைகஸ் என்ற கடற்பாசி மன்னார் வளைகுடாவில் உள்ள குருசடைத் தீவின் பவளப்பாறையில் படர்ந்தபோது அதைப் பிடுங்கி எடுக்க வேண்டிவந்தது வனத்துறைக்குத்தான்.

கோழிக் கூண்டுக்கும் அடுப்புக்கும் பழைய பேலட் கேட்டு யாராவது வருவார்கள். குவாரன்டைனிலிருந்து எழுத்தில் பதில் வரும்வரை ஒரு மரத்துண்டைக்கூடக் கொடுக்காதீர்கள், தெரிந்தவராக இருந்தாலும்.