பூட்டிவிட்ட காருக்கு 5 வாற் பனல் காணுமா?

அண்ணை, கிளிநொச்சி வீட்டுக் கொட்டிலில் காரை விட்டுவிட்டு மூன்று கிழமை கொழும்பில் நின்றால் பற்றரி இறங்கிவிடுகிறது, டாஷ்போர்டில் 5 வாற் சோலார் பனல் வைத்தால் காணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காணாது. பூட்டிய காரும் அலாரம், மணிக்கூடு என்று 20 முதல் 50 மில்லி அம்பியர் வரை குடித்துக்கொண்டே இருக்கும். 50 என்றால் நாளைக்கு 1.2 அம்பியர் மணி, அந்தப் பனல் வெளியே நல்ல வெயிலில் கிடந்தாலே ஏறக்குறைய அவ்வளவுதான் தரும், கொட்டிலுக்குள் கண்ணாடிக்குப் பின்னால் என்ன கிடைக்கப்போகிறது?

10 வாற் ஒன்றைக் கொட்டில் கூரையில் ஏற்றி, வயரைக் கீழே இறக்கி, பற்றரி அளவுக்கு மிஞ்சி ஏறாமல் பார்த்துக்கொள்ளும் சின்னக் கொன்ட்ரோலர் ஒன்றின் வழியாகப் பற்றரியிலேயே கொடுங்கள், நேர்முனைப் பக்கம் ஒரு பியூஸும் போட்டு. கொன்ட்ரோலர் இல்லாவிட்டால் கரண்டை ஒரு பக்கம் மட்டும் போகவிடும் டயோட்டாவது வேண்டும், இல்லையென்றால் இரவில் கரண்ட் பனலுக்கே திரும்பி ஓடும். சிகரட் லைற்றர் துளையில் செருகாதீர்கள், பல கார்களில் திறப்பை எடுத்ததும் அது செத்துவிடும். கோடையில் செம்புழுதி படியும், வீட்டில் நிற்பவர்களிடம் இடைக்கிடை துடைக்கச் சொல்லுங்கள்.

அதுசரி, பூட்டிய கார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று முதலில் மீற்றர் வைத்துப் பார்த்தீர்களா? பூட்டி ஒரு மணித்தியாலம் கழிந்தும் 100 மில்லி அம்பியருக்கு மேல் காட்டினால் எங்கோ பழுது இருக்கிறது, வயறிங்காரரிடம் காட்டிவிட்டுப் பனல் வாங்குங்கள்.