வண்டியை நிறுத்தும் போலீஸ் சாவியை எடுக்கலாமா?

சோதனையில் நிறுத்தியதும் போலீஸ்காரர் பைக் சாவியை உருவிக்கொண்டது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. சோதனைக்கு நின்றவரிடம் சாவியைப் பிடுங்கலாம் என்று 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் எங்கும் இல்லை. ஆபத்தும்கூட: வண்டி முழுதாக நிற்கும் முன்பே கை ஹேண்டில்பார் மேல் பாய்ந்தால், பின்னால் பிள்ளையோடு உட்கார்ந்திருப்பவர்தான் முதலில் சரிவார்.

அதே சட்டத்தின் 130-வது பிரிவு நம் பக்கக் கடமையைச் சொல்கிறது. சீருடையில் இருக்கும் காவலர் கேட்டால் லைசென்ஸைக் காட்டியே ஆக வேண்டும். அரசின் டிஜிலாக்கர் செயலியில் இருப்பதும் செல்லும். 2018-லேயே விதியைத் திருத்திவிட்டார்கள். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டால் 206-வது பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

இன்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் ஒதுங்குங்கள், இன்ஜினை அணையுங்கள், ஹெல்மெட்டைக் கழற்றி முகம் பார்த்துப் பேசுங்கள். காரென்றால் இரவில் உள்விளக்கைப் போடுங்கள். "யாரைத் தெரியும் தெரியுமா" என்று போனை எடுக்காதீர்கள். அபராதம் என்றால் இ-சலான் கேளுங்கள், ரசீதில்லாமல் கையில் பணம் கொடுக்காதீர்கள். தப்பில்லை என்று உறுதியாகத் தெரிந்தால் நடுரோட்டில் சண்டை வேண்டாம், நீதிமன்றத்தில் சொல்லலாம்.

அப்புறம், காவலர்களுக்கும் ஒன்று: ஏன் நிறுத்தினீர்கள் என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்பா வயதுக்காரரை "டேய்" என்று கூப்பிடாதீர்கள்.