வயிறு நிறைகிறது, உடலுக்குப் போதவில்லை

கேள்வி: எனக்கு 27 வயது. குடியாத்தத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். கல்லூரிக் காலத்தில் மெலிய வேண்டும் என்ற வெறியில் கலோரியை எண்ணி எண்ணிச் சாப்பாட்டைக் குறைத்து, மாதவிலக்கே நின்றுபோகும் நிலைக்குச் சென்று, மனநல மருத்துவரின் சிகிச்சையால் மீண்டேன். சென்ற ஆண்டு முதல், ஆரோக்கியத்துக்காக, வெள்ளை அரிசி, சர்க்கரை, மைதா, கடைப் பண்டங்கள் ஆகியவற்றை விட்டுவிட்டு, கேழ்வரகுக் கூழ், சாமைச் சோறு, முளைகட்டிய பயறு, காய்கறி, பழம் என்று மட்டுமே உண்கிறேன். வயிறு நிறையத்தான் சாப்பிடுகிறேன். கொஞ்சம் உண்டாலே உப்பியும் விடுகிறது. ஆனால் மாலையில் கைகால் தளர்கிறது, முடி கொட்டுகிறது, இந்த வெயிலிலும் விரல்கள் சில்லிடுகின்றன, இரண்டு மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மறுபடியும் எண்ணத் தொடங்கினால் பழைய நிலைக்குப் போய்விடுவேனோ என்று அஞ்சுகிறேன். எண்ணாமலே போதுமான அளவு உண்பது எப்படி?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, குடியாத்தம்

பதில்: அன்புச் சகோதரி, எண்ண வேண்டாம் என்ற உங்கள் முடிவு சரியானது, ஆகவே இந்தப் பதிலில் எந்த உணவுக்கும் கலோரிக் கணக்கு எழுதப்போவதில்லை. ஆனால் தட்டை மாற்றுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு தவறுவதற்குக் கருத்தரிப்பு, தைராய்டு, சினைப்பைக் கோளாறு என வேறு காரணங்களும் உண்டு. அவற்றைப் பரிசோதனையால்தான் விலக்க முடியும். உங்கள் பழைய கதையை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். உண்பது உடலின் செலவுக்குப் போதாதபோது, மூளையிலுள்ள ஹைப்போதாலமஸ் சினைப்பைக்குச் செல்லும் ஹார்மோன் கட்டளைகளைக் குறைத்துவிடுகிறது. எடை பெரிதாகக் குறையாதவர்களுக்கும் இது நேரும் என்பதால், "பார்க்க நன்றாகத்தானே இருக்கிறாய்" என்று யாராவது சொன்னால் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சினைப்பை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் நீண்ட காலம் குறைந்தே இருந்தால் எலும்பின் அடர்த்தியும் குறையும்.

இனி உங்கள் தட்டுக்கு வருவோம். கேழ்வரகும் அரிசியும் உலர்ந்த நிலையில் ஏறத்தாழ ஒரே அளவு ஆற்றல் தருபவை. கால்சியத்தில் கேழ்வரகு அரிசியை வெகுவாக விஞ்சுகிறது. ஆனால் ஒரு கைப்பிடி மாவைக் கரைத்துக் காய்ச்சி, மோரும் ஊற்றிச் செம்பு நிறையக் குடிக்கும்போது, உள்ளே போவதில் பெரும்பங்கு தண்ணீரே. காய்கறியும் பழமும் அப்படித்தான். அவற்றின் நீரும் நாரும் இரைப்பையை விரித்து, தேவை நிறைவேறுவதற்கு வெகு முன்பே "போதும்" என்று சொல்ல வைக்கின்றன. எடை மிகுந்தவருக்கு இது உதவலாம். உங்களைப் போன்றவருக்கு இதுவே பள்ளம். மேலும், நெடுநாள் குறைத்து உண்டவர்களின் இரைப்பை மெதுவாகக் காலியாவதால், நான்கு கவளத்திலேயே வயிறு கனக்கிறது. முளைகட்டிய பயறு அதன்மேல் வாயுவையும் சேர்க்கிறது. ஒழுங்காக உண்ணத் தொடங்கினால் பெரும்பாலோருக்கு இந்த உப்புசம் சில வாரங்களில் தணியத் தொடங்கும். உப்புசத்துக்கு அஞ்சிக் குறைத்தால் அது நீடிக்கவே செய்யும்.

எனவே இப்போதைக்குப் பசியையோ நிறைவையோ அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர் 36 ஆண் தன்னார்வலர்களை ஏறத்தாழ ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆராய்ந்தார். கோடையிலும் குளிர்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். சிந்தனை முழுவதும் சாப்பாட்டிலேயே சுழன்றது. உணவு தாராளமாகக் கிடைத்த பின்னும் சிலருக்குப் பல மாதங்கள் நிறைவே தோன்றவில்லை. பசியுணர்வு ஒருமுறை குலைந்தால், அது திரும்பி வருவதற்குள் ஒருவர் பசி அற்றும் இருக்கலாம், அடங்காப் பசியோடும் இருக்கலாம். இரண்டுமே நோயின் எச்சந்தான்.

கடிகாரத்தைப் பார்த்து உண்ணுங்கள். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் உணவு, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ஏதேனும் ஒன்று என்று, மூன்று வேளைச் சாப்பாடும் இரண்டு மூன்று சிற்றுணவுகளும் அமையட்டும். பள்ளியில் பதினோரு மணி இடைவேளைக்குப் பையில் மல்லாட்டை (நிலக்கடலை) உருண்டையும் வாழைப்பழமும் இருக்கட்டும். நம் வடாற்காட்டு மானாவாரி நிலங்களில் விளையும் மல்லாட்டையின் எடையில் ஏறக்குறைய பாதி எண்ணெய், கால்பங்கு புரதம். சிறிய கைப்பிடிக்குள் இவ்வளவு அடக்கம் என்பதே அதன் பெருமை. கொழுப்பு, எடைக்கு எடை மாவுச்சத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் ஆற்றல் தருவது. அதைக் கண்டு ஒதுங்கியே நீங்கள் இளைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். காலையில் கூழுக்குப் பதில் களி, அதனுடன் தேங்காய்த் துவையல், மதியம் சாமைச் சோற்றில் கெட்டிப் பருப்பும் நெய்யும், மோருக்குப் பதில் தயிர், உண்பவராயின் முட்டை. காய் வேண்டுமா? இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காயை எண்ணெயில் வதக்கிக் குழம்பு வையுங்கள். பச்சைக் காய்கறியைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுங்கள். முளைப்பயறைச் சிறிதளவு, வேகவைத்து மட்டும் உண்ணுங்கள். அளவு தெரியவில்லை என்றால், வீட்டில் உங்கள் வயதொத்த, நன்றாக உண்ணும் ஒருவர் தம் தட்டில் வைப்பதை உங்கள் தட்டிலும் வைக்கச் சொல்லிவிடுங்கள்.

இன்னொன்றும் கேட்க வேண்டியிருக்கிறது. வெள்ளை அரிசியை விட்டது விருப்பத்தாலா, அச்சத்தாலா? ஆம்பூரில் உறவினர் திருமணம், பிரியாணி பரிமாறுகிறார்கள், அதை உண்டுவிட்டு மறுநாள் வழக்கம்போல் இருக்க உங்களால் முடியுமானால் சிறுதானியம் உங்கள் விருப்பம். நெஞ்சு படபடத்து, மறுநாள் ஈடுசெய்யத் தோன்றுமானால், பழைய நோய் நல்ல பெயர் சூடிக்கொண்டு திரும்பியிருக்கிறது. 1997இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர் இத்தகைய தூய உணவு வெறிக்கு ஆர்த்தோரெக்சியா என்று பெயரிட்டார். அப்படி இருப்பின் வெள்ளை அரிசிப் பொங்கலும் இட்லியுமே உங்களுக்கு மருந்து. வயிற்றுக்கும் அவை இலகு. புரட்டாசிச் சனிக்கிழமை ஒருபொழுது இருக்கும் வழக்கம் இருந்தால் அதையும் தள்ளிவையுங்கள். நோயுற்றவருக்கு விரதத்தில் விலக்கு உண்டு என்று பெரியவர்களே சொல்வார்கள்.

ஓர் எச்சரிக்கை. அண்மையில் எடை வேகமாகச் சரிந்திருந்தாலோ, பல நாள்களாக மிகக் குறைவாகவே உண்டிருந்தாலோ, நீங்களாகத் திடீரென்று கூட்டாதீர்கள். இரத்தத்தில் பாஸ்பேட் என்ற உப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். மயக்கம், படபடப்பு, கால்வீக்கம் கண்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உங்களுக்கு முன்பு சிகிச்சை அளித்த மருத்துவரிடமே திரும்பிப் போவது நல்லது. இயலாவிடில் வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவமனையின் மனநலப் பிரிவு இருக்கிறது. அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸில், 14416 என்ற எண்ணில் எந்நேரமும், கட்டணமின்றி, தமிழில் பேசலாம்.

கேள்வி: என் மகள் இதே நோயிலிருந்து தேறியவள். தட்டைப் பார்த்து "இன்னும் கொஞ்சம்" என்றாலே எழுந்து போய்விடுகிறாள். பேசாமல் இருப்பதா?
– ஒரு தாய், வாலாஜாபேட்டை

பதில்: அம்மா, அளவைப் பற்றிய பேச்சைச் சாப்பாட்டு நேரத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவளுடன் உட்கார்ந்து அதே உணவை நீங்களும் உண்ணுங்கள். பேச்சு வேறு எதைப் பற்றியாவது இருக்கட்டும். "சதை பிடித்திருக்கிறாய்" என்பதைப் பாராட்டாகக்கூடச் சொல்லக் கூடாது என்று வீட்டுக்கு வரும் உறவினர்களிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். வேளை தவறுவது தொடர்ந்தால், சாப்பாட்டு நேரம் அல்லாத பொழுதில், மருத்துவரிடம் இருவரும் சேர்ந்து போகலாம் என்று நேராகச் சொல்லுங்கள்.