டிராம்போனில் இரண்டாவது வால்வு சேர்க்க முடியுமா?

மதுரைக் கல்யாண பேண்டில் ஊதும் எஃப் வால்வு (அழுத்தினால் சுருதியை பி ஃப்ளாட்டிலிருந்து எஃப்புக்கு இறக்கும் வால்வு) உள்ள டிராம்போனில் இன்னொரு வால்வு வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வைக்கலாம். எஃப் வால்வை அழுத்தி ஸ்லைடை முழுக்க நீட்டினாலும் கீழ் பி நேச்சுரல் என்ற ஸ்வரம் எட்டாது. அந்தக் குறை தீரும்.

எளிய வழி, எஃப் சுற்றுக்குழாய்க்குள்ளேயே இரண்டாவது ரோட்டரை (சுழலும் வால்வை) நுழைப்பது. இரண்டையும் சேர்த்து அழுத்தும்போது டி சுருதி வர, சுமார் 69 செ.மீ. கூடுதல் குழாய் வேண்டும். ரோட்டர் இடம்பிடிக்கும் நீளத்தைப் பழைய குழாயில் வெட்டிக் கழியுங்கள். இல்லாவிட்டால் எஃப் சுருதி இறங்கிவிடும். துளை விட்டமும் பொருந்தணும். லீவர் இடது நடுவிரலுக்கு.

பற்றவைக்குமுன் ரோட்டரைக் கழற்றிவிடுங்கள். அதன் கூடு சூட்டில் கோணினால் அப்புறம் சுழலாமல் இறுகும். பக்கத்து இணைப்புகளுக்கு ஈரத்துணி சுற்றாவிட்டால் அங்குள்ள ஈயமும் உருகி விட்டுப்போகும். பாத்திரம் பற்றவைப்பவரிடம் தயவுசெய்து கொடுக்காதீர்கள். அவர் வைக்கும் நெருப்பு இதற்கு அதிகம்.