நட்சத்திரம் நகர்ற பாதை கோடு கோடா தெரியுற நட்சத்திரக் கோடு போட்டோவுக்கு ஷட்டரை ஒரு மணி நேரம் திறந்தே வைக்கணுமா? அதே படங்களை வெச்சு டைம்லாப்ஸும் (படங்களை வரிசையா வேகமா ஓட்டுற வீடியோ) பண்ணலாமா?

வேண்டவே வேண்டாம். 30 செகண்ட் 30 செகண்டா வரிசையா எடுத்துத் தள்ளுங்க, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கிக்கலாம். அதே படங்கள் டைம்லாப்ஸுக்கும் ஆகும்.

ஏன்னு புரிஞ்சுட்டா செட்டிங் எதையும் மனப்பாடம் பண்ண வேண்டியதில்ல. பூமி சுத்துறதால நட்சத்திரம் மணிக்கு 15 டிகிரி நகருது, அதனால அதோட வெளிச்சம் சென்சார்ல ஒரே பிக்ஸல்ல தங்காது, சில செகண்ட்லயே பக்கத்து பிக்ஸலுக்குப் போயிடும், அப்போ நீங்க ஷட்டரை எவ்ளோ நேரம் திறந்து வெச்சாலும் கோடு நீளமாகுமே தவிர பிரகாசம் ஆகாது. ஆனா பின்னாடி இருக்கிற வானத்தோட வெளிச்சம் எல்லா பிக்ஸல்லயும் சேர்ந்துக்கிட்டே போகும், தூரத்துல ஒரு டவுன் வெளிச்சம் இருந்தாலும் போதும், ஒரு மணி நேரத்துல படம் வெளுத்துடும். கோட்டோட பிரகாசம் அபெர்ச்சர் (லென்ஸ் திறப்போட அளவு), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை கேமரா எவ்ளோ கூட்டிக் காட்டுதுங்கிற அளவு) கையில, வானத்தோட பிரகாசம் அதோட சேர்த்து நேரத்தோட கையிலயும். இந்த ஒரு விஷயம்தான் எல்லாத்துக்கும் அடிப்படைன்னு நான் நினைக்கிறேன்.

ஸ்டார்ஸ்டாக்ஸ் மாதிரி சாஃப்ட்வேர்ல 'லைட்டன்' முறையில அடுக்கினா ஒவ்வொரு பிக்ஸலுக்கும் எல்லா படத்துலயும் எது அதிக வெளிச்சமோ அதை மட்டும் எடுத்துக்கும். வானம் ஒரு படத்துல இருக்கிற அளவு கருப்பாவே நிக்கும், கோடு மட்டும் வளரும். நடுவுல விமானம் போனா அந்த ஒரு படத்துல மட்டும் அழிச்சா போதும்.

ஆரம்பிக்க வைடு லென்ஸ், அபெர்ச்சர் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 800ல இருந்து 1600, எல்லாமே மேனுவல், ரா ஃபைல் (சென்சார் பதிவை அப்படியே சேமிக்கிற ஃபைல்). கலர் டோனை முடிவு பண்ற ஒயிட் பேலன்ஸையும் ஆட்டோல விடாதீங்க, டைம்லாப்ஸ்ல கலர் துள்ளும். ஃபோகஸுக்கு லைவ் வியூல ஒரு பிரகாசமான நட்சத்திரத்தை ஜூம் பண்ணி, அது ரொம்ப சின்னப் புள்ளியா ஆகுற இடத்துல நிறுத்தி, ரிங் மேல டேப் ஒட்டிடுங்க.

இப்போ நிறைய பேர் படம் கெடுற இடம். கேமரால லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்ஷன்னு ஒண்ணு இருக்கும், அதை கட்டாயம் ஆஃப் பண்ணுங்க. ஆன்ல இருந்தா 30 செகண்ட் படம் எடுத்துட்டு இன்னொரு 30 செகண்ட் ஷட்டரை மூடி ஒரு கருப்புப் படம் எடுக்கும், உங்க கோடு பாதிக்குப் பாதி விட்டு விட்டு வரும். இன்னொண்ணு, பல கேமராவுல 30 செகண்ட்னு போட்டா உண்மையில 32 செகண்ட் திறந்திருக்கும், இன்டர்வெலை (ஒரு கிளிக்ல இருந்து அடுத்த கிளிக் வரைக்கும் உள்ள நேரம்) 31னு வெச்சா அடுத்த கிளிக்கை கேமரா கண்டுக்காது, ஒரு படம் விட்டு ஒரு படம்தான் விழும். 33 வைங்க, இல்லன்னா கன்டினியூவஸ் மோடுல போட்டு ரிமோட் பட்டனை லாக் பண்ணி விட்டுடுங்க, எனக்கு இதுதான் பிடிக்கும், இடைவெளி ரொம்பக் கம்மி. டைம்லாப்ஸுக்கு இந்த இடைவெளி பெரிய விஷயமே இல்ல, கோட்டுக்குத்தான் உயிர்.

வட்டமா வரணும்னா வடக்குல துருவ நட்சத்திரத்தை ஃப்ரேம்ல வைங்க. அது உங்க அட்சரேகை எத்தனை டிகிரியோ ஏறக்குறைய அத்தனை டிகிரி உயரத்துல நிக்கும், துருவத்துல இருந்து முக்கால் டிகிரிக்கும் கொஞ்சம் கம்மியா தள்ளி இருக்கிறதால அதுவும் ஒரு குட்டி வளைவு போடும், பெருசு பண்ணிப் பாருங்க, அவ்ளோ அழகு. நேர் கிழக்கு பார்த்து எடுத்தா கோடு கிட்டத்தட்ட நேரா வரும்.

ரெண்டு மணி நேரம் எடுத்தா 30 டிகிரி வளைவு, சுமார் 220 படம். செகண்டுக்கு 25 ஃப்ரேம்னு போட்டா வீடியோ 9 செகண்டுதான், அதனால டைம்லாப்ஸும் வேணும்னா இன்னும் அதிக நேரம் ஓட விடுங்க, ஃபுல் சார்ஜ் பேட்டரி இல்லாம ஆரம்பிக்காதீங்க. பனி விழுற ராத்திரியா இருந்தா லென்ஸை சுத்தி ஒரு ஹீட்டர் பட்டை கட்டிடுங்க, கண்ணாடி மேல ஈரம் படிஞ்சா நட்சத்திரம் ஒவ்வொண்ணா மங்கிடும், அதை எந்த சாஃப்ட்வேராலயும் திருப்பிக் கொண்டுவர முடியாது.