புரோகிராமிங்கில் எதைப் பற்றி எழுதுவது? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கேள்வி: அண்ணா, காலேஜ் ரெண்டாவது வருஷம். இப்பதான் பைத்தான் கத்துக்கிறேன். எழுத ஆசை. ஆனா எதைத் தொட்டாலும் யாரோ ஏற்கெனவே எழுதிட்டாங்க. நான் புதுசா என்ன எழுத?

பதில்: "பைத்தான் ஓர் அறிமுகம்" என்று ஆரம்பித்தால் அப்படித்தான் தோன்றும் தம்பி. போன வாரம் உன் கோடு எங்கே உன்னை முழி பிதுங்க வைத்தது? அதை எழுது. ஃபங்ஷனில் டிஃபால்ட்டாக (எதுவும் தராவிட்டால் எடுத்துக்கொள்ளும் மதிப்பாக) ஒரு காலி லிஸ்ட் கொடுத்தாய் என்று வை. முதல் தடவை கூப்பிட்டு ஒரு பெயரைச் சேர்த்தால் ஒன்று இருக்கும். அடுத்த தடவை கூப்பிட்டால் பழைய பெயரும் கூடவே வந்து நிற்கும். ஏனென்றால் அந்த லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. ஃபங்ஷனை வரையறுக்கும் டெஃப் வரி ஓடும்போது ஒரே ஒரு முறைதான் உருவாகிறது. பழம் தின்று கொட்டை போட்டவர்களுக்கு இது தெரிந்த சங்கதி, அதனால் தீர்வை இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். முதலில் எதைச் சந்தேகப்பட்டாய், எங்கே பிரிண்ட் போட்டுப் பார்த்தாய் என்பதெல்லாம் உனக்கு இன்னும் மறக்கவில்லை. அடுத்து மாட்டிக்கொள்கிறவருக்கு வேண்டியது அதுதான்.

கேள்வி: "ஜாவாஸ்கிரிப்ட் அரே: முழு வழிகாட்டி" என்று தொடங்கினேன். பாதியில் நின்றுவிட்டது.

பதில்: நிற்காமல் என்ன செய்யும்! தலைப்பை ஒரே ஒரு கேள்வியாக மாற்ற முடிகிறதா பாருங்கள். "வரிசைப்படுத்தினால் 10 ஏன் 9-க்கு முன்னால் வருகிறது?" 10, 9, 1 இருக்கும் அரேயில், அதாவது மதிப்புகளின் பட்டியலில், வெறும் சார்ட் போட்டால் 1, 10, 9 என்று வரும். ஒப்பிடும் ஃபங்ஷன் தராவிட்டால் எண்களையும் ஸ்ட்ரிங்காக, அதாவது எழுத்துத் தொடராக மாற்றித்தான் ஒப்பிடும். இது ஒன்றே ஒரு கட்டுரைக்குப் போதும்.

கேள்வி: தமிழில் எழுதுகிறவர்களுக்கென்று தனியாக ஏதாவது விஷயம் உண்டா?

பதில்: அள்ள அள்ளக் குறையாது. பைத்தானில் "தமிழ்" என்ற ஸ்ட்ரிங்கின் நீளத்தைக் கேளுங்கள். கண்ணுக்கு மூன்று எழுத்து, விடை 5. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி எல்லாம் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான யூனிகோடில் தனித்தனி. அவற்றைச் சேமிக்கும் முறையான யுடிஎஃப்-8-ல் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. அதே ஸ்ட்ரிங்கைத் திருப்பிப் போட்டால் புள்ளி முன்னால் அநாதையாகத் தொங்கும், ம-வின் இகரக் குறி ழ-வோடு ஒட்டிக்கொண்டு "ழிமத" ஆகிவிடும். பெயர்களை முதல் பத்து எழுத்தோடு வெட்டும் ஆப் எதிலும் இந்தச் சிக்கல் வரலாம். டேட்டாபேஸ் பக்கமும் உண்டு: மைஎஸ்க்யூஎல்-லின் பழைய யுடிஎஃப்8 வகை 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் உள்ளே போய்விடும், பின்னாலேயே வரும் 4 பைட் எமோஜி போகாது. 4 பைட் வரை தாங்கும் யுடிஎஃப்8எம்பி4 ஏன் வந்தது என்று விளக்க இதைவிட நல்ல உதாரணம் ஏது?

கேள்வி: ஆபீஸ்ல பார்த்த பக் பற்றி எழுதலாமா சார்?

பதில்: பக் பற்றி எழுதலாம், ஆபீஸ் கோடு கூடாது. லாக், டேபிள் பெயர் எதுவும் வேண்டாம். அதே தவறைக் காட்டும் இருபது வரி கோடை வீட்டில் புதிதாக எழுதிப் பாருங்கள். அப்படி எழுத வரவில்லை என்றால் காரணம் இன்னும் பிடிபடவில்லை, கட்டுரை காத்திருக்கட்டும்.

கேள்வி: எழுதியது சீக்கிரம் பழசாகிவிடுகிறதே?

பதில்: எந்த வெர்ஷனில் ஓட்டிப் பார்த்தீர்கள் என்பதை முதல் வரியிலேயே போட்டுவிடுங்கள். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அதில் எழுதிய, அடைப்புக்குறி இல்லாத பிரிண்ட் இன்னும் தேடலில் வந்து புதியவர்களைக் குழப்புகிறது. நீண்ட நாள் நிற்க வேண்டுமானால் கொஞ்சம் கீழே தோண்டுங்கள். 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது 1985-இல் வந்த, தசம எண்களைக் கணினி எப்படி வைத்திருக்கும் என்று சொல்லும் ஐஇஇஇ 754 தரத்தின் கதை. அது இன்றும் அப்படியேதான் இருக்கிறது.

கேள்வி: "இதுவா அதுவா, எது சிறந்தது?" வகைக் கட்டுரைகள்?

பதில்: இரண்டிலும் வேலை பார்த்திருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: எதுவுமே தோன்றாத நாளில்?

பதில்: உங்கள் கிட் லாக்கில் (கோடின் மாற்றங்களைப் பதியும் கிட் கருவியின் பட்டியலில்) "ஃபிக்ஸ்" என்று தேடுங்கள். ஒரே ஒரு வரி மாறியிருக்கும், ஆனால் அதற்கு முந்தைய கமிட்டுக்கும் (பதிவுக்கும்) அதற்கும் இடையே ஒரு நாள் முழுக்கப் போயிருக்கும். அந்த கமிட்டை எடுங்கள்.