‘தந்திரமாகப் பேசியவர்’ என்று பாராட்டு மலரில் எழுதலாமா?

கேள்வி: பணி நிறைவு பெறும் எங்கள் தொழிற்சங்கத் தலைவருக்குப் பாராட்டு மலர் தயாரிக்கிறோம். ‘நிர்வாகத்திடம் தந்திரமாகப் பேசி ஊதிய உயர்வு வாங்கித் தந்தவர்’ என்று எழுதியிருந்தேன். இது பாராட்டு அல்ல, பழிப்பு என்கிறார் நண்பர். ‘தந்திரம்’ அவ்வளவு கெட்ட சொல்லா?

பதில்: நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அந்த வரியை அப்படியே அச்சகத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.

வடமொழியில் தந்திரம் என்பதற்குத் நெசவுத் தறி, நெறிமுறை, சாத்திர நூல் என்றெல்லாம் பொருள் உண்டு. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றே பெயர். பஞ்சதந்திரமும் ஐந்து பகுதிகள் கொண்ட நூல்தான். அதில் வரும் நரிகளைப் பார்த்துவிட்டு ‘ஐந்து ஏமாற்று வேலைகள்’ என்று யாராவது பொருள் கொண்டால் அவர்களையும் குறை சொல்ல மாட்டேன்.

இன்றைய வழக்கில் தந்திரம் என்றாலே எதிரில் ஒருவர் ஏமாந்து நிற்கிறார். ‘தந்திரமாக நிலத்தை எழுதி வாங்கிவிட்டான்’ என்றால், கையெழுத்துப் போட்டவருக்கு விஷயம் தெரியாது என்பது சொல்லாமலே விளங்கும். உங்கள் வரியில் ஏமாந்தது நிர்வாகம். விழாவுக்கு மேலாளரையும் அழைத்திருப்பீர்கள் அல்லவா?

ஏய்ப்பதும் ஆட்டத்தில் சேர்த்தி என்று இரு தரப்பும் அறிந்த இடத்தில் இந்தக் கறை ஒட்டுவதில்லை. போர்த்தந்திரமும் ராஜதந்திரமும் அப்படித்தான் மதிப்போடு நிற்கின்றன. இலங்கைத் தமிழில் செயல் உத்தியைக் குறிக்கும் தந்திரோபாயமும் அவ்வாறே. தூதர் ஒருவரை ராஜதந்திரி என்றால் மகிழ்வார். ராஜாவை எடுத்துவிட்டு, தந்திரக்காரர் என்று சொல்லிப் பாருங்கள்!

‘சூழ்ச்சி’ பக்கமே போக வேண்டாம். ‘சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்’ (குறள் 671) என்று வள்ளுவர் எழுதியபோது அது ஆராய்ந்து பார்ப்பதைக் குறித்தது. இன்று அது சதிக்கு உடன்பிறப்பு. மலர் அச்சான பிறகு கோபித்துக்கொள்ளும் தலைவரின் குடும்பத்தாரிடம் குறளைக் காட்டித் தப்பிக்க முடியாது.

சாமர்த்தியம் பரவாயில்லை. ஆனாலும் ‘நல்ல சாமர்த்தியசாலிதான்’ என்று கொஞ்சம் இழுத்துச் சொன்னால் பாதி குத்தல். அச்சில் குரல் கேட்காது. படிப்பவர் தம் மனம்போல் இழுத்துக்கொள்வார்.

உங்களுக்கு ஏற்றது சாதுரியம். பேச்சுத் திறமையோடு ஒட்டிப் பழகிய சொல் அது, கேட்டவரை ஏமாளியாக்காது. ‘நிர்வாகத்திடம் சாதுரியமாகப் பேசி ஊதிய உயர்வு பெற்றுத் தந்தவர்’ என்று மாற்றுங்கள். பேச்சுவார்த்தை முறியும் நேரத்தில் சட்டென்று ஒரு யோசனை சொல்லிக் காப்பாற்றியிருந்தால் ‘சமயோசிதமாக’ என்பது இன்னும் பொருந்தும். மாதக்கணக்கில் வரவு செலவுக் கணக்கோடு மல்லுக்கட்டி வாங்கிய உயர்வு என்றால் இரண்டுமே வேண்டாம். எந்தக் கணக்கைக் காட்டி நிர்வாகத்தைச் சம்மதிக்க வைத்தார் என்பதையே இரண்டு வரி எழுதிவிடுங்கள்.